அறுபத்துமூன்று கைகள்

பாலைமுறிப்பில் யாருடைய போனாவது கோளாறு செய்தால் முதலில் கொண்டுபோவது பிரஷாந்தினி வீட்டுக்குத்தான். "போன் திருத்திற பிள்ளை" என்றுதான் ஊர் அவளைச் சொல்லும். தான் போன் திருத்துகிறவள் அல்ல, போனுக்குள் ஓடுகிற செயலிகளை எழுதுகிறவள் என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

வயது இருபத்தெட்டு. வவுனியாவில் கணினி படித்து முடித்து, யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு மடிக்கணினி. ஊர், நெடுங்கேணியிலிருந்து காட்டோரமாக ஆறு கிலோமீற்றர் உள்ளே. சிக்னல் வடக்கு யன்னலடியில் மட்டும் ஒழுங்காக வரும் என்பதால் மேசையும் அங்கேதான். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா பாவித்துவிட்டுக் கொடுத்த ஐபோன் ஒன்று மடிக்கணினிக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும்.

அவள் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ற் மொழியில். ஐபோனுக்கு ஒரு தரம், அண்ட்ரொய்ட் போனுக்கு இன்னொரு தரம் என்று இரண்டு முறை எழுதாமல், ஒரே எழுத்தை இரண்டு வகைப் போனிலும் ஓட வைக்கிற கருவி அவளிடம் இருந்தது. ரியாக்ட் நேட்டிவ் என்று பெயர். கேட்கிறவர்களுக்கு அவள் சுருக்கமாகச் சொல்வாள்: "ஒருக்கா எழுதினாக் காணும், எல்லாப் போனிலயும் ஓடும்." அது பாதி உண்மை. எழுதுவது ஒருமுறைதான்; ஆனால் ஒவ்வொரு போனும் அதை எப்படி நடத்துகிறது என்று பார்க்கிற வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. மலிவான போன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். இது அவளுக்குத் தெரியும். ஆனால் பாதி உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறவருக்கு மற்றப் பாதி மெல்ல மெல்லக் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஊருக்கு ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அப்பால் காடு. தைப்பொங்கல் கழிந்து கதிர் முற்றும் நாட்களில் யானை இறங்கும். மின்வேலி போட்டார்கள், அது வேறு ஊரோடு நின்றுவிட்டது. ஆகவே காட்டு விளிம்பில் எட்டுக் காவல் கொட்டில்கள். குடும்பத்துக்கு ஒருவர் முறை வைத்துக் காவல். யானையைக் கண்டவர் "கூ" என்று நீட்டிக் கூப்பிட வேண்டும். அடுத்த கொட்டில்காரர் "ஓய்" என்று மறுகுரல் கொடுத்துவிட்டு, தன் பங்குக்கு அடுத்த கொட்டிலை நோக்கிக் கூப்பிட வேண்டும். மறுகுரல் வரும்வரை முதல் ஆள் கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது. வரவேயில்லை என்றால் ரோச் லைட்டோடு ஓடிப்போய்க் காலில் தட்டி எழுப்ப வேண்டும். முறைக்கு நின்றும் மறுகுரல் கொடாதவர், அன்று யானை மேய்ந்த மற்றவர்களின் வயலுக்கு மூன்று நாள் முள்ளும் கிளையும் வெட்டி அலம்பல் வேலி அடைத்துக் கொடுக்க வேண்டும். இது எழுதாத சட்டம். யாரும் மீறியதில்லை, மீறினால் முகம் பார்த்துக் கதைக்க ஏலாது.

இதை ஒரு செயலியாக்கலாம் என்ற எண்ணம் பிரஷாந்தினிக்கு வந்தது. கமக்காரர் அமைப்பின் தலைவர் கனகலிங்கத்திடம் போய்ச் சொன்னாள்.

"ஆரோ ஒராள் பட்டனை அமத்தினாக் காணும், மாமா. ஊரில இருக்கிற எல்லாப் போனும் கூ எண்டு கத்தும். முறைக்காரர் வீட்டில படுத்திருந்து எழும்பிப் போகலாம்."

"கத்துறது ஆற்ற குரலில?"

"உங்கட குரலில."

கனகலிங்கம் முழுகி, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு குரல் கொடுக்க வந்தார். ஆறு தரம் கூப்பிட்டார். ஐந்தாம் தரம் அயல்வீட்டு நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன. ஆறாவதைப் போட்டுக் காட்டியபோது நெஞ்சில் கைவைத்து, "இது எனக்கே பயமாக் கிடக்கு, பிள்ளை" என்றார்.

மார்கழியின் கடைசி ஞாயிறு, பொதுநோக்கு மண்டபத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். முந்திய வாரமே அறுபத்துமூன்று போன்களில் செயலி ஏற்றியிருந்தாள். மடிக்கணினியைத் திறந்து வைத்து, எந்தெந்தப் போனில் கூ ஒலித்தது என்று எண்ணிக்கை வரும்படி செய்திருந்தாள். பட்டனை அமத்தினாள்.

மண்டபம் முழுக்கக் கனகலிங்கம் கூவினார். சட்டைப் பையிலிருந்து, இடுப்புச் சேலையிலிருந்து, ஒரு மூதாட்டியின் வெற்றிலைப் பையிலிருந்து. சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பிரஷாந்தினி திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. ஒரு நிமிடம் பொறுத்தாள். நாற்பத்தொன்றுதான்.

"எல்லாருக்கும் வந்ததோ?" என்று கனகலிங்கம் கேட்டார். "வந்த ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கைகள் எழுந்தன. அவள் எண்ணினாள். அறுபத்துமூன்று. முன்வரிசையில் முதலில் எழுந்த கை அவளுடைய அம்மா ஞானேஸ்வரியுடையது. அம்மாவின் போன் வீட்டில், அலுமாரிக்குள், பழைய சேலை மடிப்புக்குள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் கைகளின் பெறுமதி என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே இருக்க முடியாது. பதின்மூன்று வயதில் செட்டிகுளத்து அகதி முகாமில் அம்மாவின் பின்னால் நிவாரண வரிசையில் நின்றவள் அவள். யாராவது தாளோடு வந்து, "எல்லாருக்கும் கிடைச்சதோ?" என்று கேட்டால் கைகள் எழும். கிடைக்கவில்லை என்று சொன்னால் தாள் திரும்பிப் போகும், வரிசை முதலிலிருந்து தொடங்கும், பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். இந்த மண்டபத்திலோ போன் விளங்காதவர் என்ற வெட்கமும் சேர்ந்திருந்தது. தன் போன் கத்தாத ஒவ்வொருவரும், பிழை தன் விரலில்தான் என்று நினைத்துக் கையைத் தூக்கினார்கள்.

திரை நாற்பத்தொன்று என்றது. கைகள் அறுபத்துமூன்று என்றன. தன் கணக்கு உண்மை என்று தெரிந்துகொண்டே அவள் கைகளின் கணக்கை எடுத்துக்கொண்டாள். மடிக்கணினியை மூடி, "எல்லாருக்கும் வந்திட்டுது, மாமா" என்றாள்.

எட்டுக் கொட்டிலை இரண்டாகக் குறைப்பதென்று அன்றே தீர்மானமாயிற்று. கிழக்கு மூலையில் ஒன்று, மேற்கு மூலையில் ஒன்று. மற்றவர்கள் வீட்டில் படுக்கலாம்; அன்றைய முறைக்காரர் மட்டும் கூ கேட்டதும் யானை வெடியோடு ஓட வேண்டும். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உடலுக்கு அது கனமில்லை. அன்று மாலையே மடித்து, அம்மாவின் போன் இருந்த தட்டிலேயே வைத்துவிட்டாள்.

சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். காரணத்தையும் கண்டுபிடித்தாள். நாலைந்து நாள் திறக்காத செயலியைச் சில மலிவுப் போன்கள், பற்றரியை மிச்சம் பிடிக்க, உறங்க வைத்துவிடுகின்றன. அவளுடைய ஐபோன் அப்படிச் செய்வதில்லை. கணினிக்குள் அவள் வைத்துச் சோதிக்கிற பொம்மைப் போனும் செய்வதில்லை. இதற்கு மருந்து, அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் போய், போனை வாங்கி, உள்ளே ஓர் அமைப்பை மாற்றுவதுதான். போனால், ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். நிறுவனத்தில் வேலை கூடியிருந்தது. பொங்கல் வந்தது. பொங்கலுக்குப் பிறகு என்று வைத்தாள்.

யானை பொங்கலுக்குப் பிறகு வந்தது. கிழக்கு மூலைக் கொட்டில்காரர் கண்டு, பட்டனை அமத்தினார். "அனுப்பியாயிற்று" என்று பச்சை நிறத்தில் வந்தது. அந்தப் பச்சையும் பிரஷாந்தினி வைத்ததுதான். பச்சையைப் பார்த்தவர் ஆறுதலாக இருந்தார். ஊரில் பல போன்கள் கூவின. கேட்டவர்கள், இன்று விமலேஸ்வரியின் முறைதானே, அவ போவா என்று திரும்பிப் படுத்தார்கள். விமலேஸ்வரியின் போன் தலையணைக்குக் கீழே சும்மா கிடந்தது.

மரம் முறிகிற சத்தத்தில்தான் அவர் எழும்பினார். வெடியை எடுத்துக்கொண்டு ஓடியவர் வாய்க்காலில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. விடிந்து பார்த்தபோது அவருடைய இரண்டு ஏக்கரும் தரையோடு தரையாகக் கிடந்தன. பக்கத்து இரண்டு வயல்களிலும் பாதி இல்லை.

"டேற்றா போட்டிருக்க மாட்டா" என்றார்கள் கடையடியில். "சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பா." "கூ கேட்டும் படுத்திருப்பா, ஆர் கண்டது?"

மூன்றாம் நாள் மத்தியானம் விமலேஸ்வரியே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கை மாவுக்கட்டில். இடது கையில், கடைப் பையொன்றால் சுற்றிய போன்.

"வாங்கோ மாமி, இருங்கோ."

"இருக்க வரேல்லை, பிள்ளை. இதை ஒருக்காப் பார். நான் என்னத்தை அமத்தித் துலைச்சனோ தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "உன்ர வேலைக்கும் கெட்டபேர் எடுத்துத் தந்திட்டன். குறை நினையாத."

சொன்னாலும் கதிரை விளிம்பில் பட்டும் படாமலும் இருந்தார்; பிரஷாந்தினி போனை வாங்கிக்கொண்டு யன்னல் கட்டில் இருந்தாள். டேற்றா இருந்தது. சத்தம் கடைசி அளவில் இருந்தது. பற்றரி நிறைய இருந்தது. எதையும் யாரும் தவறாக அமத்தவில்லை. சொன்னது சொன்னபடி வைத்திருந்தார். அவள் செயலியைத் தொட்டாள். அது உறக்கம் கலைந்து, மூன்று நாளாக வாசலில் காத்துக்கிடந்த செய்தியை உள்ளே எடுத்தது.

"கூ...!" என்று கனகலிங்கத்தின் குரல் முன்னறையைப் பிளந்தது.

"ஓய்!" என்றார் விமலேஸ்வரி.

கதிரை விளிம்பிலிருந்து பாதி எழும்பிவிட்டார். முப்பது வருடப் பழக்கம். யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது. குசினிக்குள் இருந்து ஞானேஸ்வரி எட்டிப் பார்த்தார். திரையில் எழுதியிருந்தது: யானை, கிழக்குப் பக்கம், மூன்று நாளைக்கு முந்திய திகதி.

"இது அண்டையானோ?" என்று கேட்டார் விமலேஸ்வரி.

"ஓம் மாமி."

"ஏன் பிள்ளை இப்ப வருது?"

சொல்லியிருக்கலாம். வேறு யாரும் இல்லை, அம்மா மட்டும். ஒரு வசனம் போதும். பிரஷாந்தினி, "பழைய போன் எண்டா சில நேரம் இப்பிடித்தான், மாமி" என்றாள்.

"போன வருசந்தானே மகள் வாங்கித் தந்தவள்." அவர் வாதாடவில்லை, யோசித்தார். "விலை குறைஞ்சதாப் பாத்து வாங்கியிருப்பாள்."

போனைத் திரும்பவும் பைக்குள் சுற்றினார். ஒற்றைக் கையால் முடிய நேரமெடுத்தது. பிரஷாந்தினி உதவிக்குக் கை நீட்டவில்லை. அந்த அறையில் தன் கைக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்பது போல அதை மடியில் வைத்திருந்தாள். அவர் படலையைத் தாண்டிய பிறகு ஞானேஸ்வரி கேட்டார்: "போனில பிழையோ?"

"இல்லை."

"அப்ப?"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஞானேஸ்வரி குசினிக்குத் திரும்பினார். அன்று ஒரு கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டதாக இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னார். உப்பு இல்லாததை மகள் கவனிக்கவில்லை.

அறியாமல் செய்த பிழையை ஒருவர் சொல்லிவிடலாம்; கேட்கிறவரும் தலையாட்டுவார். அறிந்து செய்ததைச் சொல்லும்போது, சொல்லுகிற ஆளே வேறு ஒருவராக மாறிவிடுகிறார். அந்த வேறு ஆளைத்தான் பிரஷாந்தினி அந்த நாலு நாளும் கண்ணாடியில் பார்க்காமல் தலை வாரினாள்.

ஞாயிறு கூட்டம். பக்கத்து வயல்காரர் இருவரும் முன்னால் இருந்தார்கள். கனகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"முறை விமலேஸ்வரியின்ர. மறுகுரல் குடுக்கேல்லை. வழமை எல்லாருக்கும் தெரியும். மூண்டு நாள் வேலி."

"நான் முதுகு ஏலாதவன். அவ கை ஏலாதவ" என்றார் தில்லைநாதன், விமலேஸ்வரியின் கணவர். "வேலியை ஆர் அடைக்கிறது, நாயோ?"

சிலர் சிரித்தார்கள். விமலேஸ்வரி சிரிக்கவில்லை. "வழமை வழமைதான்" என்றார். "கை சுகம் வந்தாப் பிறகு அடைக்கிறன். பிழை என்ர போன்தானே."

பிரஷாந்தினி பின்வரிசையில் எழுந்து நின்றாள். எழுந்ததே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மாமியின்ர போனில பிழையில்லை" என்றாள். "மாமியிலயும் இல்லை. எனக்கு முதலே தெரியும்."

மண்டபம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அண்டைக்கு இஞ்ச பரீட்சித்துப் பாக்கேக்க, நாப்பத்தொரு போனுக்குத்தான் வந்தது. இருபத்திரண்டுக்கு வரேல்லை. கணினியில பாத்தனான். பாத்திட்டு, எல்லாருக்கும் வந்ததெண்டு சொன்னனான்."

"நாங்களெல்லாம் கை தூக்கினமெல்லோ" என்றார் ஒருவர்.

"ஓம். நீங்கள் வெக்கத்தில தூக்கினீங்கள் எண்டும் தெரியும். அது எனக்கு வசதியா இருந்தது."

"எனக்கும் வரேல்லைத்தான்" என்று ஒரு குரல் முணுமுணுத்தது. "வந்ததெண்டு பக்கத்தில இருந்து கத்தினனியே, விசரா!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழும்பப் பார்த்து, எழும்பாமல் விழுந்தது.

கனகலிங்கம் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "அண்டைக்கு நீ அதைச் சொல்லியிருந்தா, கொட்டிலுகளைக் குறைச்சிருப்பமோ?"

"இல்லை, மாமா."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பொன்னாடையை வாங்கியதும் போர்த்தியதும் அவர்தான். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்; திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

திட்டியது விமலேஸ்வரி. எழும்பவில்லை, இருந்தபடியே கேட்டார். "போனை என்ர கையால வாங்கினனியெல்லோ?"

"ஓம் மாமி."

"அது கூவேக்க நான் ஓய் எண்டனான். நீ கேட்டுக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"ரெண்டு ஏக்கர் போட்டுது. யானை திண்டது, அதை விடு. நாலு நாளா என்ர பெட்டையை மனசுக்குள்ள திட்டிக்கொண்டு இருந்தனான், மலிவுப் போன் வாங்கித் தந்திட்டாள் எண்டு. நேற்று அவள் போன் எடுத்தவள், நான் கதைக்கேல்லை. அதை ஆர் திருப்பித் தாறது?"

பிரஷாந்தினி நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அவளிடம் இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடை இல்லை.

பக்கத்து வயல்காரரில் ஒருவர்தான் முடித்தார். "மறுகுரல் குடுக்காதது இந்தப் பிள்ளைதான். கணினி அவளுக்குக் கூ எண்டது. அவள் பேசாமல் இருந்தவள். வேலி அவள் அடைக்கட்டும். எங்கட வயலுக்கு மட்டுமில்லை, விமலேஸ்வரியின்ரையும் சேத்து." யாரும் மறுக்கவில்லை. எட்டுக் கொட்டிலும் அன்றைக்கே திரும்பின.

அவள் நிறுவனத்துக்கு விடுமுறை சொல்லிவிட்டு வேலி அடைத்தாள். மூன்று நாளில் முடியவில்லை. ஐந்து நாள் ஆனது. முள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றே தெரியாது. முதல் நாள் அடைத்த துண்டை வயல்காரர் காலால் ஒரு தள்ளுத் தள்ளி, "இது முயலுக்கும் காணாது" என்றார். பிரித்துவிட்டுத் திரும்ப அடைத்தாள். விரல்களெல்லாம் கீறல். போன் திரையில் விரல் வைத்தால் எரிந்தது. விமலேஸ்வரி வரம்பால் இரண்டு தரம் போனார். கதைக்கவில்லை. இரண்டாம் தரம், அவள் பின்பக்கமாக நட்ட கிளையொன்றை இடது கையால் பிடுங்கி, சரியான பக்கம் திருப்பி நட்டுவிட்டுப் போனார்.

பகலில் வேலி, அதற்குப் பிறகு யன்னலடியில் எழுத்து. பச்சையை எடுத்துவிட்டாள். இப்போது பட்டனை அமத்தினால் முறைக்காரரின் பெயர் சிவப்பாக நிற்கும். அவர் எழும்பி "ஓய்" என்று எழுதிய இடத்தைத் தொடும்வரை சிவப்புப் போகாது. இரண்டு நிமிடத்துக்குள் தொடாவிட்டால், ஓடிப்போய் எழுப்பு என்று அமத்தியவருக்கே சொல்லும். பிறந்ததிலிருந்து காதில் கேட்ட ஒன்றுதான் இது. முதல் தரம் எழுதும்போது அவளுக்கு ஏன் ஞாபகம் வரவில்லை என்பதற்குப் பெருமை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. வேலி முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் புதிய செயலியை ஏற்றி, அதை உறங்க வைக்கிற அமைப்பையும் மாற்றினாள்.

மாசி பிறந்து முதல் ஞாயிறு. அதே மண்டபம், அதே அறுபத்துமூன்று போன்கள். பட்டனை அமத்தினாள். கனகலிங்கம் அங்குமிங்குமாகக் கூவினார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது. நாலு குறைந்தது. நாலு பெயரும் திரையில் இருந்தன. அவள் அவற்றை உரக்க வாசிக்கவில்லை.

"வராத ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. அவள் கீறல் விழுந்த கைகளை மேசையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நடுவரிசையில் ஓர் இடது கை எழுந்தது. விமலேஸ்வரி. அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தி வைத்திருந்தார். அதைப் பார்த்து மூலையில் இன்னொரு கை. பிறகு, "தலைவற்ற குரல் தலைவருக்கே கேக்கேல்லை" என்று யாரோ சொல்ல, கனகலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

"மூண்டு" என்றாள் பிரஷாந்தினி. "இன்னும் ஒண்டு."

யாரும் அசையவில்லை. அவள் பொறுத்தாள். கனகலிங்கம், "பெயரைச் சொல்லன், பிள்ளை" என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். இன்னும் பொறுத்தாள். கடைசியில் முன்வரிசைக்கு நேரே குனிந்தாள்.

"அம்மா. கையைத் தூக்குங்கோ."

"சும்மா இரு, பிள்ளை" என்றார் ஞானேஸ்வரி, மடியில் போனை முந்தானையால் மூடியபடி. "சனம் பாக்குது."

"பாக்கட்டும், அம்மா. தூக்குங்கோ."